வாசலில் ஓர் ஆவாரை: மூன்றாவது முயற்சியில் பூத்த காட்டுச்செடி!

அன்றைக்குப் போகிக்கு முந்தின நாள். சந்தையில் காப்புக்கட்டு வாங்கப் போயிருந்தேன். நாலு கொத்து வேப்பிலை, ஒரு பிடி பூளைப்பூ, வாடிப்போன ரெண்டு ஆவாரங்குச்சி. ஒரு கட்டு 30 ரூபாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பூவே இல்லியே கண்ணு... மொட்டெல்லாம் கொட்டிப் போச்சு. வெறுங்குச்சியவா எரவாணத்துல சொருகறது?"

எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். சுக்காங்கல் கலந்த செம்மண் பூமி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புழுதி. வீட்டுக்கு எதிரே முன்பு ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. கிளுவை வேலி, நடுவில் நாலைந்து வெள்வேல மரங்கள், வேலி ஓரம் முழுக்க ஆவாரை. அமுச்சி இருந்தவரைக்கும் போகியன்று விடியற்காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். பனியில் நனைந்த மஞ்சள் பூவை ஒடித்து மடியில் கட்டிக்கொள்வார். ஒடிக்கும்போது வரும் அந்தப் பச்சை வாசம் இன்னும் என் விரலில் இருப்பதுபோல இருக்கும்.

அமுச்சி போன அடுத்த வருடம் அந்தக் காட்டில் மனைக்கல் நட்டார்கள். ஜேசிபி வந்து இறங்கி ஒரே நாளில் வேலியையும் ஆவாரையையும் வழித்துக் குவித்துவிட்டது. அதன் பிறகுதான் நாங்கள் சந்தையில் காப்பு வாங்க ஆரம்பித்தோம்.

அந்த வெறுங்குச்சியைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன், வாசலிலேயே ஓர் ஆவாரை வளர்ப்பது என்று. 'காட்டுச்செடிதானே, தானாக வளரும்' என்று நினைத்தேன். இரண்டு முறை தோற்றேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களும் அதே தப்பைச் செய்யாமல் இருக்க.

முதல் தப்பு: தோண்டி எடுத்து வந்தது

பைபாஸ் ரோட்டோரம் நின்ற, முழங்கால் உயர ஆவாரை ஒன்றைக் கடப்பாறை போட்டுத் தோண்டினேன். ஒரு அடி ஆழம் போயும் வேர் முடியவில்லை. பொறுமை போய் இழுத்தேன். படக்கென்று அறுந்தது. 'வேர் கொஞ்சம் போனால் என்ன?' என்று கொண்டுவந்து நட்டு, தண்ணீர் ஊற்றி, நிழலுக்குச் சாக்கும் கட்டினேன். மூன்றாம் நாள் இலை தொங்கியது. எட்டாம் நாள் குச்சி மட்டும்தான்.

ஆவாரையின் உயிரே அந்த ஆணிவேரில்தான் இருக்கிறது. மேலே அரை அடி வளர்வதற்குள் கீழே அதைவிட ஆழமாகப் போய்விடும். பங்குனி வெயிலில் சுற்றிலும் புல்கூடக் கருகிக் கிடக்கும்போது ஆவாரை மட்டும் பச்சையாக நிற்பதன் காரணம் அதுதான். அந்த வேரை அறுத்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. காட்டிலிருந்து ஒரு செடியைக் கொன்று எடுத்துவந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது தப்பு: கேட்டு வாங்கியது

அடுத்து ஒரு நர்சரிக்குப் போனேன். "ஆவாரை இருக்குதுங்களா?" "இருக்குதுங்க, இந்தா." மஞ்சள் பூ, கூட்டிலை, பார்க்க அப்படியேதான் இருந்தது. 80 ரூபாய். நட்டேன். ஜம்மென்று வளர்ந்தது. வளர்ந்தது, வளர்ந்தது, இரண்டு வருடத்தில் கரண்டு கம்பியைத் தொட்டுவிட்டது. புதர்ச்செடியாக வேண்டியது மரமாகி நிற்கிறதே என்று விசாரித்தால், அது மஞ்சள்கொன்றை! இரண்டும் ஒரே பேரினம் என்பதால் நாற்றாக இருக்கும்போது ஏமாந்துபோவது சுலபம். அம்மா சிரிக்கவில்லை. "பூ மஞ்சளா இருந்தா எல்லாம் ஆவாரையா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் செடி வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவாரைக்குக் காது உண்டு! இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சின்னக் காதுமடல் மாதிரி ஒரு ஜோடி பச்சை இலையடிச் செதில் விரிந்திருக்கும். இந்தச் செடியின் தாவரவியல் பெயரே சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காது உடையது என்றுதான் பொருள். காய் இன்னொரு அடையாளம். அரைச் சாண் நீளத்தில், தட்டையாக, காய்ந்தால் காகிதம்போல மெல்லியதாக இருக்கும். விதை இருக்கிற இடமெல்லாம் மேலே மேடு தெரியும். சீமை அகத்தி, நிலாவரை என்று இதே பேரினத்தில் மஞ்சளாகப் பூக்கும் இன்னும் பல சொந்தங்கள் உண்டு என்பதால், காதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

விதைதான் வழி

மூன்றாவது முறை விதைக்கு மாறினேன். மாசி, பங்குனியில் காய்கள் பழுப்பாகி, கையில் எடுத்தால் சலசலக்கும். அப்போது பறிக்க வேண்டும். உரித்துப் பார்த்தால் பாதி விதையில் குண்டூசி ஓட்டை இருக்கும். வண்டு துளைத்தது. அவற்றைக் கழித்துவிடுங்கள். மீதியைத் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் கழித்துவிட்டால் நல்ல விதை தங்கும்.

சும்மா மண்ணில் போட்டால் முளைக்குமா? முளைக்கும், அதற்குத் தோன்றும்போது! விதையின் மேல்தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளேயே போகாது. ஒரு சின்னத் தூறலை நம்பி முளைத்து, அடுத்த வாரம் காய்ந்து சாகாமல் இருக்க இந்த வறண்ட நிலத்துச் செடிகள் பழகி வைத்திருக்கும் எச்சரிக்கை அது. எனவே நாம் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது, வெந்துவிடும். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பிப் பெருத்திருக்கும். அவை விதைக்கத் தயார். உப்பாதவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். உப்புத்தாள் இல்லையா? சிமென்ட் திண்ணையே போதும்.

தோட்டம் இருக்கிறவர்கள் செடி நிற்க வேண்டிய இடத்திலேயே விதைத்துவிடுங்கள். ஒரு குழிக்கு நாலு விதை, அரை அங்குல ஆழம். முளைத்தபின் நன்றாக நிற்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். நாற்றுப்பையில் போடுவதானால் உயரமான பையாக எடுத்து, நாலைந்து இலை விட்டதுமே பையைக் கிழித்து மண் உதிராமல் நட்டுவிட வேண்டும். ஆடிப்பட்டம் அல்லது புரட்டாசி, இரண்டும் தோதான காலம். ஐப்பசி மழை வருவதற்குள் வேர் இறங்கியிருக்கும்.

நான் போட்ட 20 விதையில் 11 முளைத்தன. முதல் முளை ஆறாம் நாள் வந்தது, கடைசி முளை மூன்று வாரம் கழித்து!

தண்ணீர்தான் எதிரி

என் அம்மாவுக்கு ஒரு பழக்கம். அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டவே மாட்டார். கறிவேப்பிலைக்குக் கொஞ்சம், செம்பருத்திக்குக் கொஞ்சம், வாசலில் நிற்கிற எல்லாவற்றுக்கும் கொஞ்சம். ஆவாரைக் கன்றுக்கும் தினம் ஒரு சொம்பு போனது. ஒரு மாதத்தில் அடி இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. 'தண்ணி பத்தலையாட்ட இருக்குது' என்று இன்னொரு சொம்பு.

இலை மஞ்சளானால் ஆவாரைக்குத் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கூடிவிட்டது என்றுதான் அர்த்தம். கன்று பிடிக்கும்வரை, அதாவது முதல் இரண்டு மாதம், மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் வாரம் இரண்டு தரம் ஊற்றினால் போதும். தரையில் நிற்கும் செடி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு அதற்கு நாம் தேவையே இல்லை. கடும் கோடையில் மட்டும் எப்போதாவது ஒரு குடம்.

உரமும் அப்படித்தான். நடும்போது ஒரு கைப்பிடி மக்கிய சாணம் போட்டேன், அவ்வளவுதான். நிறையப் போட்டால் இலையாக வளர்ந்து பூக்காமல் ஏய்க்கும். வெயில் மட்டும் கட்டாயம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மதில் நிழலிலும் மாமரத்தடியிலும் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று வருத்தப்படக் கூடாது.

மொட்டை மாடியில் வளருமா?

வளரும். ஆனால் தரையில் வளர்வதுபோல் எதிர்பார்க்காதீர்கள். வேர் இறங்க வேண்டும் என்பதால் ஒன்றரை அடி ஆழமாவது உள்ள தொட்டியோ பையோ வேண்டும். அடியில் உடைந்த செங்கல், மேலே இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட், அரைப் பங்கு மக்கிய உரம். தேங்காய்நார்க் கழிவை நிறையக் கலக்கும் வழக்கமான மாடித்தோட்டக் கலவை இதற்கு ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். நான் மாடியில் வைத்த இரண்டில் ஒன்று கார்த்திகை மழையில் போய்விட்டது. தட்டுதான் காரணம்.

இலையைத் தின்றது யார்?

ஒரு வருடம் முடிந்து செடி இடுப்பளவு வந்திருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க வெறும் நரம்பு! உற்றுப் பார்த்தால் இலையோடு இலையாகப் பச்சைப் புழுக்கள். அம்மா பதறிப்போய் வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் தடுத்தேன், கொஞ்சம் சண்டை போட்டு.

அவை வெள்ளையன் வகைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள். வெண்மையில் இளம்பச்சை கலந்தாற்போல, வேகமாக, நிற்காமல் பறந்து போகுமே, அதேதான். முட்டையிட ஆவாரை, கொன்றை, தகரை போன்ற செடிகளைத்தான் தேடி வரும். ரோஜாவையோ மல்லிகையையோ தொடாது. ஆவாரங்காடு போய் மனைக்கல் வந்தால் அவையும் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டியதுதான். பத்து நாளில் புழுவெல்லாம் காணாமல் போனது. இலைக்குக் கீழே கூரான பச்சைக் கூடுகள் தொங்கின. மூன்றாவது வாரம் செடி புதுத் தளிர் விட்டு முன்னைவிட அடர்த்தியாக நின்றது. ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காத செடி என்பதால், இதைத் தின்ன வருகிற முக்கியமான விருந்தாளியே இந்தப் புழுதான். கன்று மிகச் சின்னதாக இருந்தால் மட்டும் புழுவை இலையோடு எடுத்து வேறு செடிக்கு மாற்றிவிடுங்கள். மருந்து வேண்டாம்.

எறும்பு ஏறுகிறது என்றும் பொடி தூவ வேண்டாம். ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கு நடுவிலும் ஊசிபோல நிற்கிற ஒரு சின்னச் சுரப்பி இருக்கும். அதில் கசியும் இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது.

பூவில் தேன் கிடையாது என்பது எனக்கே இதை வளர்த்த பிறகுதான் தெரிந்தது. வருகிற வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும். அதுவும் சுலபமாகக் கிடைக்காது. மகரந்தப் பை வெடித்துத் திறக்காது. நுனியில் மட்டும் ஓட்டை, மிளகுத்தூள் டப்பா மாதிரி. கன்னங்கரேல் என்ற பெரிய தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே உடம்பை அதிரவைக்கும். 'ங்ங்' என்று ஒரு சத்தம். அந்த அதிர்வில் தூள் கொட்டும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட இந்தச் சத்தம் உச்சமாக இருக்கும். காலை ஏழு எட்டு மணிக்குச் செடிப் பக்கம் நின்றால் காதில் விழும். நாம் வழக்கமாக வளர்க்கிற தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

பூத்த பிறகு

எனக்குப் பதினான்காவது மாதம் முதல் பூ வந்தது. மழைக்குப் பிறகு நன்றாகப் பூக்கும். மார்கழி, தையில் செடியே மஞ்சள் போர்த்தியதுபோல நிற்கும். பூக்கிற கிளை எல்லாம் புதுத் தளிர் என்பதால், பூவும் காயும் ஓய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வெட்டாவிட்டால் கால் நீண்டு உச்சியில் மட்டும் பூக்கும்.

இந்தத் துளிர்க்கும் குணத்தால்தான் பழைய நாளில் இந்தச் செடி பிழைத்தது என்று சொல்ல வேண்டும். மதராஸ் மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. புன்செய்க் காடுகளில் குச்சி வெட்டி, பட்டை உரித்து, கட்டுக் கட்டாகத் தோல் கிடங்குகளுக்குப் போகும். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்து இறங்கியபின் ஆவாரைக்கு மவுசு குறைந்தது. தழையை வயலில் போட்டு மிதிப்பதும் அப்படித்தான் மறைந்தது. உவர் நிலத்துக்கு ஆவாரந்தழை நல்ல உரம் என்பது பழைய விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதலி கிடைக்காத இளைஞன் பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வரும்போது சூடுவதாகச் சங்கப் பாடல்கள் சொல்வதும் இந்தப் பூவைத்தான். அன்றைக்கு மானம் போகச் சூடிய பூ, நம் வீட்டில் மங்கலக் காப்பாக மாறியிருக்கிறது! ராஜஸ்தானின் வறண்ட நிலத்திலிருந்து இலங்கை வரைக்கும் இது சொந்தச் செடி. தெலங்கானாவில் இதன் பெயர் தங்கேடு. பதுகம்மா பண்டிகையில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டுவார்கள். 2014-ல் அந்த மாநிலம் உருவானபோது மாநில மலராகவும் இதையே அறிவித்தார்கள்.

சமையலுக்கும் குளியலுக்கும்

எங்கள் வீட்டில் பூவின் இதழை மட்டும் ஆய்ந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்துக் கூட்டு வைப்போம். லேசான துவர்ப்பு இருக்கும். தேங்காய் கொஞ்சம் கூடப் போட்டால் சரியாகிவிடும். நிழலில் காயவைத்த பூவைப் பாசிப்பயறோடு அரைத்தால் குளியல் பொடி.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியைச் சொல்லித்தான் ஆவாரம்பூ டீ விற்கிறார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு நெடுங்கால இடம் உண்டு. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதும், இரண்டையும் டாக்டருக்குச் சொல்லாமல் சேர்த்துக் குடிப்பதும் ஆபத்து. வலிப்பு நோய் மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும்கூடக் கேட்டுக்கொண்டே தொட வேண்டும். என் பெரியம்மா மாத்திரையை விட்டுவிட்டு இரண்டு மாதம் ஆவாரை டீயிலேயே ஓட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. பழமொழி சர்க்கரை அளவு பார்க்காது.

ரோட்டோரச் செடியில் பறித்துச் சமைக்காதீர்கள். வண்டிப் புகை முழுக்க அதன்மேல்தான் படிந்திருக்கும். இன்னொன்று, போகி நாளில் லாரி லாரியாக ஒடித்து வருகிற காப்புக்கட்டில் பாதி, காய் பிடிக்க வேண்டிய கிளைகள். சந்தைக்குப் பக்கத்துக் காடுகளில் வருடத்துக்கு வருடம் செடி குறைந்துவருவதை நானே பார்க்கிறேன்.

இந்த வருடப் போகிக்கு வாசல் ஆவாரையில் 40, 50 கொத்துப் பூ. விடியற்காலையில் அம்மா அரிவாள்மனையோடு வந்து நின்றார். முழங்கால் வலி, குனிய முடியாது. நான் கிளையை வளைத்துப் பிடித்தேன். நாலு கொத்து வெட்டினார். ஐந்தாவதுக்குக் கையை நீட்டியவர் நிறுத்திவிட்டு, இலைக்கு அடியில் பார்த்தார். "இதுல கூடு தொங்குது. இத விட்டுப்போட்டு அந்தப் பக்கத்துக் கெளைய வளை" என்றார்.

எதிர் மனையில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் அக்கா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கொத்துக் கொடுத்தோம். பங்குனியில் விதை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். உப்புத்தாள் அவர் வீட்டிலேயே இருக்கிறதாம்.